கன்னடப் பக்கத்தில் இரண்டாம் ஷிஃப்ட்

அந்த ரிப்போர்ட்டை எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை ரொம்ப நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஒரு பேக்கரியின் மாடியில், ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆறாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவுள்ள சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்துகொடுப்போம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள், ஆபீஸில் சொல்வார்கள், பக்கத்து வீட்டு அக்கா கூடச் சொல்லிவிட்டார். வாயும் கொஞ்சம் நீளம். வேலையில் மட்டும் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது என்ற திமிர் அப்போது இருந்தது.

வண்டிகளுக்கு வயர் செட் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் ஷிஃப்ட் பக்கம் செய்துகொடுத்தோம். அங்கே பெரும்பாலும் பெண்கள்தான். கிருஷ்ணகிரி, குந்தாரப்பள்ளி, ஊத்தங்கரை, இந்தப் பக்கம் தளி, தேன்கனிக்கோட்டை என்று நாலா திசையிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். மறுநாள் யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த லைன், எந்த பஸ் என்பதை முன்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலை வணக்கம், ரோஜாப் பூ, குத்துவிளக்கு, யாரோ ஒருத்தரின் பேத்தி ஆடிய டான்ஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் ஷிஃப்ட் லிஸ்ட் காணாமல் போகும். நிர்வாகம் கடுப்பாகிக் குரூப்பைக் கலைத்துவிட்டு எங்களிடம் வந்தது. போனில் தன் டோக்கன் நம்பரை, அதாவது தொழிலாளி எண்ணைப் போட்டால் அவரவர் லைனின் லிஸ்ட் வர வேண்டும், அவ்வளவுதான்.

செய்தேன். முதல் நாளே கவிழ்ந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு லிஸ்ட் போட்டார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திறக்க, எங்கள் சின்ன சர்வர் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். ஒவ்வொருத்தர் கேட்கும்போதும் புதிதாகக் கணக்குப் பார்த்துப் பக்கம் தயாரிக்காமல், ஒரு முறை தயாரித்ததை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நகலையே நீட்டுவது. எங்கள் தொழிலில் இது சாதாரணம். ஓட்டல் வாசலில் இன்று என்ன இருக்கிறது என்று பலகையில் எழுதி வைப்பது போலத்தான். வருகிற ஒவ்வொருத்தருக்கும் சமையல்காரர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பூரி தீர்ந்துபோனால் பலகையில் பூரியை அழித்தாக வேண்டும். இந்த வேலையில் கஷ்டமே அதுதான். நகல் எடுப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். உள்ளே விவரம் மாறியவுடனே பழைய நகலை மறக்காமல் தூக்கிப் போட வேண்டும். சூப்பர்வைசர் லிஸ்ட்டில் கை வைத்தால் அந்த நொடியே அந்த லைனின் நகல் அழிந்துபோகிற மாதிரி எழுதினேன். எதற்கும் இருக்கட்டும் என்று, எந்த நகலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருக்காது என்றும் வைத்தேன். பக்கம் பறந்தது. எங்கள் முதலாளி கீழே பேக்கரியிலிருந்து ஒரு கிலோ மைசூர்பாகு வரவழைத்தார்.

சில மாதம் கழித்துக் கன்னடத்திலும் தெலுங்கிலும் பக்கம் வேண்டும் என்றார்கள். ஓசூரில் இது ஒரு விஷயமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் பேரம் பேசிக் கன்னடத்தில் திட்டி அனுப்புவார். சேர்த்துக்கொடுத்தேன். அத்தோடு மறந்தேன்.

பிரச்சினை ஒரு திங்கட்கிழமை வந்தது. ஏழாவது லைனில் வேலை செய்யும் ஒரு பெண் மத்தியானம் இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு வந்து கேட்டில் நின்றிருக்கிறாள். உன் பெயர் காலை ஷிஃப்ட்டில் இருக்கிறது, நீ ஆப்சென்ட் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்று ராத்திரி ஏழு மணிக்குப் பார்த்தேன், இரண்டாம் ஷிஃப்ட் என்றுதான் இருந்தது என்று அவள் சொல்லியிருக்கிறாள். சரி, இப்போது திறந்து காட்டு என்றார்களாம். திறந்தாள். முதல் ஷிஃப்ட் என்று இருந்தது. தன் போனையே அவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

சொல்லாமல் லீவு போட்டது இது மூன்றாம் முறை. இரண்டு வருஷமாகப் பயிற்சித் தொழிலாளி, நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம். மூன்று முறை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதோடு பொய் சொன்னாள் என்று வேறு குற்றம். அப்படி எழுதி அனுப்பினால் இந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கேட்டும் அவளுக்குத் திறக்காது.

புதன்கிழமை ஹெச்.ஆர். மேனேஜர் என்னிடம் விளக்கம் கேட்டார். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு லிஸ்ட் போட்டிருக்கிறார்கள். அவசர ஆர்டர் வந்ததால் ஆறரை மணிக்கு ஏழாவது லைனில் சிலரைக் காலை ஷிஃப்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் டோக்கன் நம்பரில் ஏழு மணி சுமாருக்குப் பக்கம் திறந்திருக்கிறது. எல்லாம் பதிவில் இருந்தது. எனக்குப் பத்து நிமிஷ வேலை. "மாற்றம் செய்த பிறகே இவர் பக்கத்தைத் திறந்துள்ளார். எனவே திருத்தப்பட்ட விவரத்தையே பார்த்திருப்பார். மென்பொருளில் பிழை இல்லை." அனுப்பிவிட்டுப் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "தூங்கிப் போயிட்டு நம்ம பக்கத்து மேல பழி போடுதா பாரு" என்று வேறு சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேறு வேலையாக அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். ஊத்தங்கரைக்கு இன்னொரு பஸ் விட்டிருந்தார்கள், அதைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஹெச்.ஆர். அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் நீல யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு தாள். நான் உட்கார்ந்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"அக்கா, இதுல என்னான்னு போட்டிருக்குது, கொஞ்சம் படிச்சி சொல்றீங்களா?"

வாங்கிப் பார்த்தேன். பதினோரு மணிக்கு விசாரணை, ஏன் பணியிலிருந்து நீக்கக் கூடாது என்று விளக்கம் தர வேண்டும் என்று தமிழில் அடித்திருந்தது. டோக்கன் நம்பரை இன்னொரு முறை பார்த்தேன். என் ரிப்போர்ட்டில் இருந்த அதே நம்பர்.

கண்ணாடி மறந்துவிட்டாளோ என்று, "ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்றேன்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. தமிளு படிக்கத்தான் தெரியாது. நாங்க தளிக்கு அந்தாண்ட. கன்னட மீடியம் இஸ்கூலு."

"இவ்வளவு நல்லாப் பேசுறியே!"

"பேசறதுக்கு இன்னாக்கா, எல்லாந்தான் பேசுவோம். வூட்ல தெலுங்கு, கடையில தமிளு. படிக்கறது கன்னடம் ஒண்ணுதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மண்டையில் பளீரென்று அடித்தது. தமிழ் பேசுகிறவர்களுக்கெல்லாம் தமிழ் படிக்கத் தெரியும் என்று விருதுநகரில் இருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த நினைப்பு எனக்கு. ஹெச்.ஆர். மேனேஜர் சேலத்துக்காரர். அவருக்கும் அதே நினைப்பு. இத்தனை நாள் அவளோடு பேசிய ஒருத்தருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

"ஷிஃப்ட் பக்கத்தை எந்த பாஷையில பாப்ப?"

"கன்னடத்துலதான். வேற எதுல பாக்கறது?"

லேப்டாப்பை மடியில் வைத்து அங்கேயே திறந்தேன். நகல் எடுத்து வைக்கும் இடத்தைப் பார்த்தேன். லைன் நம்பர், பக்கத்தில் மொழி. தமிழுக்கு ஒரு நகல், கன்னடத்துக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று. சரி. அழிக்கும் இடத்துக்கு வந்தேன். தமிழ் மட்டும் இருந்த காலத்தில் நான் எழுதிய அந்த ஒரு வரி, போட்டது போட்டபடி இருந்தது. லிஸ்ட் மாறினால் தமிழ் நகலை அழி. அவ்வளவுதான். கன்னட நகலையும் தெலுங்கு நகலையும் தொடவே தொடாது. மொழிகளைச் சேர்த்த மகாராணி, சேர்த்த இடத்தில் எல்லாம் சேர்த்துவிட்டு இதை அம்போவென்று விட்டிருக்கிறாள்.

அப்புறம் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. ஞாயிறு நாலு மணிக்கு லிஸ்ட் வந்ததும் யாரோ கன்னடத்தில் திறந்திருப்பார்கள், நகல் எடுத்தாயிற்று. ஆறரைக்கு லிஸ்ட் மாறியது. தமிழில் பார்த்தவர்களுக்குப் புதுசு, கன்னடத்தில் பார்த்தவளுக்குப் பழசு. ஏழு மணிக்கு அவள் பார்த்தது பழைய நகல். விடியற்காலை பன்னிரண்டு மணி நேரம் முடிந்து அந்த நகல் தானாகச் செத்துவிட்டது. மத்தியானம் கேட்டில் திறந்தபோது பக்கம் பத்தரைமாற்றுத் தங்கமாகச் சரியாக இருந்தது. தப்பு தன் தடத்தைத் தானே துடைத்துக்கொண்டு, ஒரு அப்பாவியைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுப் போயிருக்கிறது. என் பதிவில் எந்த மொழி என்று குறிக்க ஒரு கட்டம் கூடக் கிடையாது. அந்த லட்சணத்தில் "பிழை இல்லை" என்று எழுதினேன்.

"என்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டுது?" என்றாள்.

"நீ பொய் சொல்லலம்மா. தப்பு என் பேர்ல. அந்தப் பக்கத்தைச் செஞ்சதே நான்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நான் பாத்தது நெஜந்தானே? ரெண்டாவது ஷிப்டுன்னு இருந்துச்சில்ல? நாலு நாளா எனக்கே சந்தேகமாப் போச்சிக்கா. பயித்தியம் புடிச்சிருச்சான்னு நெனச்சேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கும்தான்.

மணி பத்தே கால். வராந்தாவின் கடைசிக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் நிதானமான மனிதர், சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "சத்தமில்லாம சரி பண்ணிடும்மா. அடுத்த மாசம் அவங்க வேற ரெண்டு ப்ளான்ட்டுக்கும் நம்மளத்தான் போடறதா இருக்காங்க. இப்பப் போயி நம்ம வாயாலயே..." என்று இழுத்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு?"

"பாவந்தான். நாம என்னம்மா பண்றது?"

"நாம என்ன பண்றதா? பண்ணினதே நாமதான் சார்! என் எழுத்தைக் காட்டித்தான் அவள வெளிய அனுப்பப் போறாங்க. நான் உள்ள போயி சொல்லப் போறேன். வேணும்னா நாளையிலேர்ந்து என்னை வர வேண்டாம்னு சொல்லிருங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நீ நில்லுன்னா நிக்கற ஆளா? போ. சொல்றத ஆதாரத்தோட சொல்லு. வெறும் வாய் பேசிட்டு வராத" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

ஹெச்.ஆர். மேனேஜர் என்னைப் பார்த்ததும், "என்ன மேடம், பஸ் ரூட்டு முடிஞ்சிருச்சா?" என்றார். புதன்கிழமை நான் கொடுத்த ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"கன்னடப் பக்கம் பழசைக் காட்டியிருக்கு சார். அந்தப் பொண்ணுக்குத் தமிழ் படிக்க வராது."

"அதெப்படி? எங்கிட்ட தமிழ்ல தானே பேசறா. ரெண்டு வார்னிங் லெட்டர்ல கையெழுத்து போட்ருக்கா. படிக்காமயா போட்டா?"

"அதையும் அவகிட்டயே கேளுங்க. முதல்ல இதைப் பாருங்க. எனக்குக் கால் மணி நேரம் போதும். அவ போனை எடுத்து வரச் சொல்லுங்க, ஏழாவது லைன் சூப்பர்வைசரையும் கூப்பிடுங்க."

தொழிற்சாலைக்குள் தொழிலாளிகள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் மரப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அதை எடுக்க ஒரு சீட்டு, சீட்டில் ஒரு கையெழுத்து, செக்யூரிட்டி அந்தச் சீட்டை இரண்டு முறை படிப்பது என்று பத்து நிமிஷம் போயிற்று. நான் அறைக்குள் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் வந்தார். ஓசூர்க்காரர், நாற்பது வயதுக்காரர். மேஜை மேல் இரண்டு போன்களை வைத்தேன். என் போனில் தமிழ்ப் பக்கம், அவள் போனில் கன்னடப் பக்கம். ஏழாவது லைன், சனிக்கிழமைக்கான லிஸ்ட், முன்னாடியே போட்டு வைத்திருந்தது. அவள் பெயருக்கு நேரே இரண்டிலும் இரண்டாம் ஷிஃப்ட்.

"இப்ப இவங்கள முதல் ஷிஃப்ட்டுக்கு மாத்துங்க சார்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையாட்டினார். மேனேஜரின் கணினியிலேயே மாற்றினார்.

இரண்டு போனிலும் பக்கத்தைப் புதுப்பித்தேன். என் போனில் தமிழ் மாறியது. முதல் ஷிஃப்ட். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு" என்றார்.

"இதையும் பாருங்க."

அவள் போனை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, எழுத்துகளை முறைத்துப் பார்த்தார். "எனக்கு இது படிக்க வராதே."

பெஞ்சில் இருந்து உள்ளே வந்து ஓரமாக நின்றிருந்த அந்தப் பெண் சட்டென்று சொன்னாள். "சார், எங்களுக்குத் தமிளு படிக்க வராதுன்னா மட்டும் நீங்க நம்பறதில்லியே!"

அடி சக்கை! எனக்குக் கைதட்டத் தோன்றியது. மேனேஜரின் காது சிவந்துவிட்டது. போனைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தார். சூப்பர்வைசர் படித்தார். "எரடனே பாளி. ரெண்டாவது ஷிப்டுன்னுதான் சார் இருக்குது."

"இன்னொரு வாட்டி ரெஃப்ரெஷ் பண்ணுங்க."

பண்ணினார். எரடனே பாளி. இன்னொரு முறை. எரடனே பாளி. அந்தப் பாழாய்ப்போன பழைய நகல் நான் எதிர்பார்த்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் எழுதிய நிரல் தப்பாக நடந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அவரும் கெட்டவர் இல்லை. ஞாயிறு மாதிரி வேறு எந்தெந்த நாளில் லிஸ்ட் சாயங்காலத்துக்கு மேல் மாறியது என்று பதிவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவளுடைய இரண்டாவது ஆப்சென்ட்டுக்கு முந்தின நாளும் அப்படி மாறியிருந்தது. முதல் ஆப்சென்ட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"அன்னிக்கி ஜொரம் சார். போன் பண்ணாம இருந்துட்டேன். அது என் தப்புதான்" என்று அவளே சொன்னாள்.

மேனேஜர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். அதற்குப் பிறகு அவளைப் பொய்க்காரி என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? விசாரணையை நிறுத்தினார். மற்ற லைன்களிலும் பார்க்கச் சொன்னார். பார்த்தோம், ஆட்களைக் கூப்பிட்டு எந்த மொழியில் திறப்பார்கள் என்றும் கேட்டோம். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் ஆறு பேர். நாலு பேர் கன்னடம், இரண்டு பேர் தெலுங்கு. எல்லோரும் என்னுடைய ஒரு வரியால் திட்டு வாங்கியவர்கள்.

ப்ளான்ட் ஹெட்டிடம் பேசிக் கடிதம் தயார் செய்ய நாலு மணி ஆகும் என்றார் மேனேஜர். நான் கேன்டீனில் ஒரு மூலை மேஜையைப் பிடித்தேன். அந்த வரியை மூன்றாக ஆக்கியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் நாளைக்கு ஹிந்தி வேண்டும் என்பார்கள், ஒடியா வேண்டும் என்பார்கள், வடக்கிலிருந்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்போதும் இன்னொரு மகாராணி மறப்பாள். அதனால் முறையையே மாற்றினேன். எடுக்கிற ஒவ்வொரு நகலின் மேலும் அது எந்த லைனின் விவரத்தைச் சுமக்கிறது என்று ஒரு அடையாளம் குத்திவிடுவது. லிஸ்ட் மாறினால் அந்த அடையாளம் உள்ள நகல் அத்தனையும் போக வேண்டும், எந்த மொழியாக இருந்தாலும். பஸ் பக்கத்திலும் ஷிஃப்ட் விவரம் வருவது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் குத்தினேன். பதிவில் மொழிக்கு ஒரு கட்டமும் சேர்த்தேன். கேன்டீன் அம்மா இரண்டு முறை தட்டு வைத்துவிட்டு ஆறிப்போன தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றே முக்காலுக்குச் சூப்பர்வைசர், அந்தப் பெண், நான் மூன்று பேரும் மூன்று போனோடு உட்கார்ந்தோம். தமிழ், கன்னடம், தெலுங்கு. சூப்பர்வைசர் லிஸ்ட்டை மாற்றினார். மூன்றும் மாறின. திருப்பி மாற்றினார். மூன்றும் திரும்பின. "ஒந்தனே... எரடனே... ஒந்தனே" என்று, முதலாவது, இரண்டாவது என்பதை அவள் ஒவ்வொரு தடவையும் கன்னடத்தில் சத்தமாகப் படித்தாள். ஏழெட்டு முறை ஆடினோம். கேன்டீனில் டீ குடிக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒரு அக்கா விசில் அடித்தார். ஏழாவது லைனே அன்றைக்கு டீயை மறந்து சிரித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. பொய் சொல்வானேன், அழுதுவிட்டேன்.

நாலரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். கடிதம் தயார். இரண்டு ஆப்சென்ட்டும் நீக்கம், வேலை தொடரும். நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை.

"கன்னடத்துல எளுதிக் குடுங்க சார். படிச்சிட்டு போடறேன். போன ரெண்டு லெட்டர்லயும் என்னா இருந்துச்சின்னே தெரியாம போட்டேன். இனிமே போட மாட்டேன்."

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கன்னடத்தில் எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் ஆயிற்று. பஸ் கிளம்பும் நேரம். அவள் அசையவில்லை.

தாளை வாங்கி விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். பாதியில் விரல் நின்றது.

"இங்க கம்பெனி மன்னிக்குதுன்னு போட்டிருக்குது. யாரு யார மன்னிக்கறது? நான் ஒண்ணும் பண்ணலியே சார். அத எடுங்க."

மேனேஜரே பேனாவை எடுத்தார், எந்த வரி என்று கேட்டு, அதை அடித்துவிட்டு ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். தமிழ்க் கடிதத்திலும் அடித்தார்.

"தப்பு யாரோடதுன்னு எங்கியுமே இல்லியே" என்றாள் அவள்.

"மென்பொருள்னு போட்டிருக்கும்மா" என்றார் மேனேஜர்.

"அது யாரு?"

நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். எனக்குக் கன்னடம் எழுத வராது. அவளையே சொல்லச் சொல்லி, சூப்பர்வைசர் வேறொரு தாளில் எழுதிக் காட்ட, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்தேன். தப்பு இந்தப் பக்கத்தைச் செய்த என்னுடையது. கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிய மாதிரி வந்தது. கீழே என் பெயர், தமிழில் கையெழுத்து.

அவள் அந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு பேனாவை என் கையிலிருந்து வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரைக் கன்னடத்தில் எழுதினாள்.